பழைய துணி (திண்டுக்கல் வட்டாரம்)

பழைய துணி என்பது ஒருவர் உடுத்தியபின் இன்னொருவருக்குக் கைமாறும் ஆடை. திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நத்தம் சமவெளிகளிலும் இக்கைமாற்றம் அன்றாட வழக்கம். பழைய துணியைக் காசு கொடுத்து வாங்குவதுதான் கூச்சத்துக்குரியதாக இருந்துவந்துள்ளது. அக்காவின் பாவாடை தங்கைக்கு வருவதிலோ, தாத்தாவின் வேட்டி பேரனுக்குத் தொட்டில் விரிப்பாவதிலோ யாரும் குறை காண்பதில்லை. முகம் தெரியாத ஒருவர் உடுத்திக் களைந்ததை விலை பேசுவது வேறாகக் கருதப்படுகிறது. துணி எவ்வளவு பழையது என்பதைவிட, அது யார் உடலில் கிடந்தது, யார் கையால் வந்தது என்பதே இங்கு முதலில் கேட்கப்படும் கேள்வி.

சொல் வழக்கு

புதுத்துணிக்குக் 'கோடி' என்று பெயர். திருமணத்துக்கும் கோடி எடுக்கப்படும். இறந்தவருக்கும் கோடி போர்த்தப்படும். புதுத்துணியின் முனையில் மஞ்சள் தடவி உடுத்துவது இன்றும் பல வீடுகளில் வழக்கம். நைந்தது 'கந்தல்', பிறரிடம் கேட்டு வாங்கியது 'இரவல்', அடுப்படியில் கடைசிக் காலத்தைக் கழிப்பது 'கரித்துணி'. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி தன் சொந்தக் கந்தைக்கு மதிப்புத் தருகிறது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் என்ற பழமொழி பிறர் சேலை நல்லதாயிருந்தாலும் நம்பத்தக்கதல்ல என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் இவ்வட்டார மனப்பாங்கின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

பழைய இலக்கியங்கள்

பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையில், கரிகாலனிடம் வரும் பொருநனின் ஆடை விரிவாகக் காட்டப்படுகிறது: ஈரும் பேனும் குடியேறியது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு நூலால் தைத்துத் தைத்து ஒட்டுப்போட்டது. மன்னன் அதைக் களையச் செய்து, பாம்புச் சட்டை போன்ற மெல்லிய புத்தாடை தருகிறான். இதைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் புத்தாடையைச் சொன்ன அதே கவனத்தோடு இக்கந்தலின் தையலையும் பார்த்திருக்கிறார். கந்தலைக் களைந்து கோடி தருவதே கொடை என்ற எண்ணம் இங்குத் தெளிவாக உள்ளது.

இதற்கு எதிர்நிலை வைணவ மரபில் கிடைக்கிறது. திருப்பல்லாண்டில் பெரியாழ்வார், திருமால் உடுத்துக் களைந்த ஆடையை அடியார் உடுத்துவதைப் பேறாகப் பாடுகிறார். கோயில் மரியாதையாகத் தலையில் கட்டும் பரிவட்டம் இந்த எண்ணத்தின் தொடர்ச்சி. அம்மனுக்குச் சாத்திய சேலைகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஏலத்துக்கும் விற்பனைக்கும் வருகின்றன. அவற்றை வாங்குவோர் பழைய துணி வாங்கியதாக நினைப்பதில்லை. மேலிருந்து வரும் பழந்துணி அருளாகவே பார்க்கப்படுகிறது.

வீடும் வயலும்

பிறந்த குழந்தைக்கு முதலில் புதுச்சட்டை போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய பருத்தித் துணியில் சுற்றும் வழக்கம் பரவலாக உண்டு. கஞ்சிப் பசை போன துணி பிஞ்சுத் தோலை உறுத்தாது என்பது ஒரு விளக்கம். கண்ணேறு படாது என்பது இன்னொன்று. நீண்ட ஆயுள் கண்ட பெரியவரின் துணி ஆயுளையும் தரும் என்பது மூன்றாவது. எது முந்தியது என்று சொல்வதற்கில்லை.

சமவெளியில் களையெடுக்கும், பூப்பறிக்கும் பெண்கள் சேலைக்கு மேல் கணவன் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கின்றனர். வெயிலுக்கும் சுணைக்கும் அதைவிடப் பொருத்தமான உடை இல்லை. நூறு நாள் வேலைத் தளங்களிலும் இதே சட்டைகளைக் காணலாம். அதற்கும் உதவாதது காட்டுப் பொம்மைக்குப் போகிறது.

சாதியும் சலவையும்

மனுஸ்மிருதியின் பத்தாம் அத்தியாயம் ஊழியம் செய்யும் சூத்திரருக்கு மிச்ச உணவையும் பழைய ஆடையையும், சண்டாளருக்குப் பிணத்தின் ஆடையையும் விதிக்கிறது. இந்நூல் இவ்வட்டாரத்தில் எவ்வளவு தூரம் நடைமுறையில் இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் பண்ணையில் வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாகக் கழித்த துணி தரப்பட்டதும், தீட்டுத் துணியும் சாவுத் துணியும் சலவைத் தொழிலாளர் பொறுப்பில் விடப்பட்டதும் பரவலாக அறியப்பட்டவை. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகள், பாடை தூக்குவோர் வெறுந்தரையில் நடக்காதிருக்கச் சலவைக்கு வந்த துணிகள் வாடகைக்கு விரிக்கப்பட்டதையும் பதிவுசெய்கின்றன. துணியின் சொந்தக்காரருக்கு இது தெரிந்திருந்ததா என்பது வேறு செய்தி.

1930 டிசம்பரில், அன்று அண்டையிலிருந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ அணியக்கூடாது, பெண்கள் ரவிக்கையோ தாவணியோ அணியக்கூடாது என்பவை அவற்றுள் சில. மானிடவியலாளர் ஹட்டன் இவற்றைச் சாதி பற்றிய தம் நூலில் பதிவுசெய்துள்ளார். நல்ல உடை உடுத்துவதே உரிமைப் போராட்டமாக இருந்த நிலையில், பிறர் கழித்த துணியை ஏற்க மறுப்பதும் அந்தப் போராட்டத்தின் பகுதியானது எனக் கருத இடமுண்டு.

1921: எரிப்பதா, கொடுப்பதா

பழைய துணி குறித்துத் தேசிய அளவில் நடந்த மிக விரிவான விவாதம் 1921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜூலை இறுதியில் பம்பாயில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு, மக்களிடமுள்ள அந்நியத் துணிகளைத் திரட்டி அழிக்கவோ இந்தியாவுக்கு வெளியே பயன்படுத்தவோ தீர்மானித்தது. ஜூலை 31 அன்று அந்நகரின் பரேல் பகுதியில் பெருந்தீ மூட்டப்பட்டது. நல்ல நிலையில் இருந்த சட்டைகளும் சேலைகளும் அதில் எரிந்தன.

எரிப்பதற்குப் பதில் இல்லாதோருக்குக் கொடுக்கலாமே என்ற கேள்வி உடனே எழுந்தது. காந்தியின் நெருங்கிய நண்பர் சி.எஃப். ஆண்ட்ரூஸ், சக மனிதரின் கைவேலையைத் தீயிலிடுவது தம் மனத்தை வருத்துவதாகக் கடிதம் எழுதினார்; செப்டம்பர் 1 அன்று 'யங் இந்தியா' இதழில் காந்தி அதற்கு விடையளித்தார். ஆடையின்றி நடுங்குவோர் நாட்டில் துணியை எரிப்பதைத் தாகூரும் ஏற்கவில்லை. அக்டோபர் 13 அன்று காந்தி தாகூருக்கு எழுதிய மறுமொழி, கழித்த துணி பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது. ஆடையற்றவருக்குத் தேவை வேலை. அதைத் தராமல் துணியைத் தருவது அவரை அவமதிப்பதாகும். அவருடைய வறுமைக்குத் தாமும் காரணம் என்று உணர்ந்தபின், எச்சத்தையும் கழித்த உடையையும் அல்ல, தம்மிடமுள்ளவற்றில் சிறந்ததையே தர வேண்டும் என்பது அவர் வாதம். தானமாக வரும் பழந்துணி பெறுபவரைத் தாழ்த்துகிறது என்ற கருத்தை, பெறுபவர் பக்கம் நின்று ஒரு தலைவர் எழுதிய அரிய இடம் இது.

இக்கடிதப் போருக்கு நடுவில்தான் மதுரை நிகழ்ச்சி வருகிறது. மதுரைக்கு ரயிலில் வந்தபோது, உடன் வந்தவர்கள் அந்நியத் துணியே உடுத்தியிருப்பதைக் கண்டு காந்தி கதர் உடுத்தச் சொன்னார். கதர் வாங்க வசதியில்லை என்று அவர்கள் விடையளித்தனர். திருச்சியிலிருந்து மதுரை செல்லும் இருப்புப்பாதை 1875 முதல் திண்டுக்கல் வழியாகவே போகிறது. இப்பேச்சு நடந்தது எந்த நிலையத்துக்கு அருகில் என்பதற்கு உள்ளூர்தோறும் ஒரு விடை சொல்லப்படலாம். மேலமாசி வீதி வீட்டில் தங்கிய அவர், செப்டம்பர் 22 அன்று தொப்பியையும் மேற்சட்டையையும் துறந்து இடுப்புத் துணிக்கு மாறினார். உடை மாற்றத்துக்கு 22, 23 என இரு நாள்களும் சொல்லப்படுகின்றன. 22 என்பதே பெருவழக்கு. அவருடைய அறிக்கையில் இம்மாற்றத்துக்கு அக்டோபர் 31 வரை என்றே முதலில் கெடு வைத்திருந்தார் என்பது பலர் கவனிக்காத செய்தி. கெடு முடிந்தது, சட்டை திரும்பவில்லை. அந்த வீட்டில் இப்போது கதர் விற்பனை நிலையம் இயங்குகிறது.

1947இல் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினர். சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற நெசவூரின் பக்கத்தில் கதரும் வேரூன்ற, கொஞ்சமாக வாங்கினாலும் புதிதாக வாங்கு என்ற நெறி இவ்வட்டாரத்தில் வலுப்பெற்றது எனலாம்.

1943 முதல் 1983 வரை

போர்க்காலத்தில், 1943 முதல், துணிக்கு அரசுக் கட்டுப்பாடு இருந்தது. புதுத்துணியை அரசு கட்டுப்படுத்திய அந்நிலை மாறி, அரசே அதைக் கொடுக்கும் காலமும் வந்தது: 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை வழங்கும் திட்டம் தொடங்கியது.

பாத்திரக்காரர்

எவர்சில்வர் பரவியபின் தெருவுக்கு வந்தவர் பாத்திரக்காரர். கூடையிலும் பின்னர் சைக்கிளிலும் தூக்குவாளி, டிபன்பாக்ஸ், பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்து, பழைய சேலைக்கும் பேன்ட்டுக்கும் மாற்றிக்கொடுத்தார். இதில் காசு புழங்காததால், துணி விற்றோம் என்ற சங்கடம் யாருக்கும் இல்லை. பேரம் நுட்பமானது: அவர் சேலையை வெளிச்சத்துக்கு நேரே விரித்து மெலிந்த இடத்தைத் தேடுவார்; வீட்டுக்காரம்மா பொத்தான் அறுந்த சட்டையைக் கட்டின் நடுவில் வைத்துத் தருவார். நல்லவை துவைத்துத் தேய்க்கப்பட்டுச் சந்தைகளுக்கும் நடைபாதைகளுக்கும் போயின. நைந்தவை பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் போயின. சரிகைக்காகப் பழைய பட்டு வாங்குவோர் தனி வகையினர். அவர்கள் எடைபோட்டது சேலையை அல்ல, அதிலுள்ள வெள்ளியை.

போட்டோ ஸ்டுடியோக்களில் ஆணியில் தொங்கிய ஒற்றைக் கோட்டும் இங்குக் குறிப்பிடத்தக்கது. ஊரில் பாதி ஆண்களின் படங்களில் அதே கோட்டு இருக்கும். முன்பு யார் போட்டது என்று எவரும் கேட்டதில்லை.

தோஷமும் துணியும்

திருநள்ளாறு நளன் குளத்திலும் பாபநாசம் தாமிரபரணியிலும் நீராடி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவரும் பரிகார வழக்கம் உண்டு. துணியோடு தோஷமும் கழிந்துவிடும் என்பது நம்பிக்கை. எடுத்து உடுத்துபவருக்கு அது ஒட்டிக்கொள்ளும் என்பதும் அதனோடு சேர்ந்ததே. அறியாதவர் துணியை வாங்கத் தயங்குவோர் சொல்லும் காரணங்களில் சுகாதாரத்துக்கு அடுத்து வருவது இது.

2004க்குப் பின்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்மாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வந்த துணி மூட்டைகளில் பெரும்பகுதி பழையது. மீனவக் குடும்பங்கள் அவற்றை ஏற்க மறுத்தன. துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. தன்மானம் என்றனர் சிலர். கிழிந்தவையும் அவர்கள் உடுத்தாத வகைகளும் கலந்திருந்ததே காரணம் என்றனர் வேறு சிலர். இறந்தவர் துணியாக இருக்கலாம் என்ற அச்சமும் பேசப்பட்டது. 1999இல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' நிறுவனம், குவிந்தவற்றைச் சென்னையில் வகைபிரித்து மாற்றுப் பொருள்களாக்கியது. 2015 சென்னை வெள்ளத்தின்போதும், திண்டுக்கல்லையும் தொட்டுச் சென்ற 2018 கஜா புயலின்போதும் வந்த நிவாரண வேண்டுகோள்கள் பலவற்றில் 'புதிய துணி மட்டும்' என்ற வரி சேர்ந்துவிட்டது.

2017இல் திருநெல்வேலி ஆட்சியர் சந்தீப் நந்தூரி 'அன்புச் சுவர்' அமைத்தார். வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்தவர் முகமும் எடுப்பவர் முகமும் ஒன்றையொன்று பார்க்காதது அதன் சிறப்பு.

அண்மைக்காலம்

திருப்பூர் காதர்பேட்டையிலிருந்து வரும் ஏற்றுமதி மிச்சங்கள் 'செகண்ட்ஸ்' எனப்பட்டாலும் யாரும் உடுத்தாதவை. ஆகவே தயக்கமின்றி விற்கின்றன. 2023இல் நாடு முழுவதும் நகர உள்ளாட்சிகள் பழைய துணி, புத்தகம், நெகிழி சேகரிக்கும் மையங்களைத் திறந்தன. இன்ஸ்டாகிராமில் 'த்ரிஃப்ட்' என்ற பெயரில் இளைஞர்கள் பழைய உடை வாங்கத் தொடங்கியுள்ளனர். பெட்டியில் வரும் அத்துணியை அம்மாக்கள் ஒருமுறை மஞ்சள் நீரில் அலசிய பிறகே கொடியில் போடுவதாகக் கேள்வி.