கயிற்றின் மறுமுனை

பாலாற்றங்கரை ஊர்களில் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் சுண்ணாம்பையும் நம்பியே நடந்துவந்தது. உப்பிட்டு வந்த தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிர் களைந்து, பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் கிடத்திப் பதப்படுத்தினர். அரைப்பதமான அத்தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் ஏலச் சந்தையை அடைந்தன. அங்குள்ள வணிகர்கள் அவற்றைக் கிழக்கிந்தியத் தோல் என்றே அழைத்தனர். அந்நாளிலும் துர்நாற்றம் இருந்தது; சுண்ணாம்பு கைகால்களை அரித்தது; நோயுற்று மடிந்த கால்நடையின் தோலிலிருந்து அடைப்பான் நோய் மனிதரைத் தொற்றியதும் உண்டு. ஆகவே பழைய முறையைக் குறையற்றதென்று போற்ற நாம் முற்படவில்லை. ஆனால் குழிக்குள் குனிந்தவரை இரண்டு மூச்சில் வீழ்த்தும் நச்சு அக்காலத்தில் அரிதாகவே இருந்தது.

இத்தொழிலை ஊருக்குப் புறம்பே வைப்பது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. யோப்பாவில் பேதுரு தங்கியிருந்த தோல் பதனிடும் சீமோனின் வீடு கடலோரத்தில் இருந்ததாகத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. தொழிலுக்கு நீர் வேண்டும். ஊருக்கோ நாற்றம் வேண்டாம். நம் நாட்டில் இத்துடன் சாதியும் சேர்ந்துகொண்டது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் ஈரத்தோலையும் குழியையும் கையாண்டோர் பெரும்பாலும் தலித் மக்களே. ஒரு தொழிலைப் புறம்பே தள்ளிவைத்த ஊர், அதன் சுவருக்குள் நடப்பதை விசாரிப்பதில்லை. அவ்வாறு விசாரித்த மருத்துவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார். பெர்னார்தினோ இராமாட்சினி என்னும் அவர் 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் தோல் பதனிடுவோருக்கும் இடமளித்தார். நோயாளியிடம் மற்றக் கேள்விகளோடு, "நீ என்ன தொழில் செய்கிறாய்?" என்ற கேள்வியையும் கேட்குமாறு மருத்துவர்களுக்கு அறிவுறுத்தினார். நம் மருத்துவமனைகளின் புறநோயாளிச் சீட்டுகளில் அக்கேள்விக்கு இன்றும் இடம் தேட வேண்டியிருக்கிறது.

குரோமியத்தின் வருகை எல்லாவற்றையும் மாற்றியது. குரோம் உப்புகளால் தோலைப் பதப்படுத்தலாம் என்பதை ஜெர்மானியரான நாப் 1858-இல் எழுதினார். அதைத் தொழிலுக்கு ஏற்றதாக்கி 1884-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவிலிருந்த அகஸ்டஸ் ஷுல்ட்ஸ். சென்னை மாகாணத்தில் இதற்கான சோதனைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்தியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கு ஊன்றியவரும் அவரே. பட்டையில் வாரங்கள் எடுத்த வேலை குரோமில் ஒரு நாளில் முடிந்தது. ஆயினும் நம் ஆலைகளில் பெரும்பாலானவை அரைப்பதத் தோலையே நெடுங்காலம் ஏற்றுமதி செய்துவந்தன. 1973 வாக்கில், சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, மூலத்தோல், அரைப்பதத் தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்திய பின்னரே இவ்வட்டாரம் முழுமையாகப் பதனிட்ட தோலுக்கும் காலணிக்கும் திரும்பியது. வேலைவாய்ப்பு பெருகியது, அந்நியச் செலாவணி வந்தது. இரசாயனங்களும் வந்தன. குரோம் தோல் பதனிடுதலில் ஏறத்தாழ 170 வகை இரசாயனங்கள் பயன்படுவதாக உச்ச நீதிமன்றம் பின்னாளில் குறிப்பிட்டது.

இவற்றுள் எது எவரை எவ்வாறு தாக்குகிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. ஏனெனில் "கெமிக்கல்" என்ற ஒரே சொல்லில் அனைத்தையும் அடக்கிவிடுவது நம் வழக்கம். தோலைப் பதப்படுத்தும் குரோமியம் மூவிணைத்திற வகையைச் சேர்ந்தது; அதன் நச்சுத்தன்மை குறைவு. கொடியது அறுவிணைத்திற வகை. முற்காலத்தில் பல ஆலைகள் ஆரஞ்சு நிறச் சோடியம் பைகுரோமேட் படிகங்களை வாங்கி, கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துத் தாங்களே குரோம் கரைசல் காய்ச்சின. அப்படிகமும் அதன் தூசியும் தோலில் ஆழ்ந்த புண்களை உண்டாக்கும். மூக்கின் நடுத்தண்டில் துளையிடும். "குரோம் புண்" அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய் என 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருந்தது.

எனினும் உடனடியாக உயிர் பறிப்பது குரோமியமன்று. மயிர் களைவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கின்றனர். அடுத்த கட்டங்களில் ஒன்றில் உப்பும் கந்தக அமிலமும் பயன்படுகின்றன. இவ்விரு கழிவுநீர்களும் ஒரே வாய்க்காலில், ஒரே தொட்டியில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு எழுகிறது. தொட்டியடியில் நாட்கணக்கில் அழுகும் சதைத்துணுக்கும் கசடும்கூட அதையே உண்டாக்கும். அது காற்றைவிடக் கனமானது. ஆகவே தொட்டியின் அடியிலேயே தங்கிவிடும். மிகச் சிறிய அளவில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். ஆனால் பத்து இலட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு அளவை எட்டினால் சில நிமிடங்களில் மூக்கு தன் உணர்வை இழக்கிறது. நாற்றம் போய்விட்டது என்று எண்ணுபவர் உண்மையில் மணமறியும் திறனை இழந்தவரே. ஐந்நூறைத் தாண்டினால் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். அடியில் படிந்த கசடு வெளியே அமைதியாகக் கிடக்கும். ஒருவர் அதில் கால் வைத்துக் கிளறும்போதுதான் அடைபட்ட வாயு மேலெழுகிறது. அவர் விழுவதைக் கண்டு தம்பியோ மைத்துனனோ உடன்வேலை செய்பவரோ பதறி இறங்குகிறார்; அவரும் விழுகிறார். இவ்வட்டார ஆலைத் தொட்டிகளில் ஒரே நேரத்தில் இருவர், மூவர் என மாண்ட செய்திகள் நாளிதழ்களில் மீண்டும் மீண்டும் வந்ததற்குக் காரணம் இதுவே. இரண்டாவதாக இறங்கியவரை அறியாமையால் இறங்கினார் என்று எழுதுவோர் உண்டு. அவர் அன்பினால் இறங்கினார் என்பதே நம் கருத்து.

இதற்குத் தீர்வு கண்டுபிடிக்கப்படாமல் இருந்ததா? இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவு, நச்சுவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் வாயுவை அகற்றாமல் எவரும் இறங்கலாகாது என்றது. தகுதியுள்ள ஒருவர் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லையேல் இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பு வாரில் கயிறு கட்டியிருக்க வேண்டும். அக்கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனை வரை எண்ணி எழுதிய சட்டம் அது. 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் மாண்ட பின்பு, 1987-இல் அச்சட்டத்தில் ஓர் இயலே சேர்க்கப்பட்டது. கையாளும் பொருளின் தீங்கைத் தொழிலாளிக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிப்பது ஆலை உரிமையாளரின் கடமையானது. சல்பைடு நீரைத் தனி வாய்க்காலில் பிரித்து, மாங்கனீசு உப்பைச் சிறிதளவு சேர்த்துக் காற்றூட்டினால் அதன் நச்சைப் பெருமளவு போக்கலாம் என்பதும் நீண்டகாலமாக அறியப்பட்ட முறையே. 1948-இல் சென்னை அடையாற்றில் அமைக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு எட்டாத தொலைவிலும் இல்லை.

ஆனால் பொதுமக்களின் பார்வையும் வழக்கறிஞர்களின் உழைப்பும் வேறொரு திசையில் சென்றன. அது தவறான திசை என்று நாம் சொல்லவில்லை. பாலாறு பாழ்பட்டது, கிணறுகள் உவர்த்தன. வேலூர் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் கழிவினால் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என அறிவித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் முக்கியத்துவம் பெற்றன. நிலத்துக்கும் நீருக்கும் கணக்குப் போடப்பட்டது. தொட்டிக்குள் இறங்கிய மனிதர் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

இடையே வெளிநாட்டு வாணிகமும் ஒரு பாடம் புகட்டியது. 1989-இல் ஜெர்மனி, தோலில் பூஞ்சணம் படராமல் காக்கும் பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை விதித்தது. பின்னர் 1990-களில் புற்றுநோய் ஐயமுள்ள சில அசோ சாயங்களையும் விலக்கியது. காலணி அணிபவரின் நலன் கருதிச் செய்த தடைகள் அவை. நம் ஆலைகள் வியக்கத்தக்க விரைவில் மாற்றுப் பொருள்களுக்கு மாறின. சாயத்தை வெறுங்கையால் கலக்கிய ஆம்பூர்த் தொழிலாளிக்கு அதனால் நன்மையே. ஆனால் அந்நன்மை ஐரோப்பியக் கால்களின் வழியே சுற்றிவந்து அவரை அடைந்தது.

குரோம் உப்பு உற்பத்தியின் கதை இன்னும் கசப்பானது. இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் இயங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம், ஒன்றரை இலட்சம் டன் அளவிலான குரோமியக் கழிவை வளாகத்திலேயே குவித்துச் சென்றது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, உலகில் மிகவும் மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலுக்கு அருகே இராணிப்பேட்டையும் நின்றது.

பின்னர் 2015 ஜனவரி 31 வந்தது. அதே சிப்காட்டில் தோல் ஆலைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் தேக்கிவைத்திருந்த கசட்டின் தடுப்புச் சுவர் நள்ளிரவுக்குப்பின் உடைந்தது. நச்சுக் கசடு பக்கத்திலிருந்த ஆலைக்குள் பாய்ந்து, அங்கே உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்களை மூழ்கடித்துக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆற்றைக் காக்க நாம் கழிவுநீரைத் தெளியவைத்தோம். தெளிந்த நீரிலிருந்து பிரிந்த கசடு எங்கேயாவது இருந்தாக வேண்டும். முறையாகப் பாதுகாக்கப்பட்ட நிரப்பிடத்துக்குப் போகாமல் அது உறங்கும் மனிதரின் தலைமாட்டில் குவிந்திருந்தது. நிலத்தைக் காத்த நீதி, ஆலைச் சுவருக்குள் நுழையாததன் விளைவாகவே இதை நாம் காண்கிறோம்.

அதற்குப் பின்பு சில மாறியுள்ளன. வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்து, இராணிப்பேட்டையும் ஆம்பூர் அடங்கிய திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் தீர்ப்பளித்து, இழப்பீடும் கண்காணிப்பும் தொடர வழிசெய்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், பணிப்பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டுத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. மின்விசையுடன் இயங்கும் ஆலை, "தொழிற்சாலை" என்று கருதப்பட முன்பு பத்துத் தொழிலாளர் போதும்; இப்போது இருபது பேர் வேண்டும். கூலிக்குத் தோல் பதனிடும் சிறு ஆலைகள் மிகுந்த நம் வட்டாரத்தில் இம்மாற்றம் எத்தனை கூடங்களைத் தொழிற்சாலை என்ற பெயரிலிருந்து விடுவிக்கும் என்பதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்ப்பது நலம்.

வாயுவின் அளவைக் காட்டும் கருவி இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் அளவில் கிடைக்கிறது. பெரிய ஆலைகள் சில அதை வாங்கியும் உள்ளன. ஆனால் தொட்டி கழுவும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தக்காரரிடம் விடப்படுகிறது. இறங்குபவரின் பெயர் ஆலைப் பதிவேட்டில் இருப்பதில்லை. விபத்து நேர்ந்தால், அவர் எம் ஆள் அல்லர் என்று ஆலையினர் கூறுவதும், குடும்பத்தார் அதை நம்பிக் கிடைத்த சிறு தொகையோடு திரும்புவதும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் முதலே நிலை வேறு. தம் தொழிலின் பகுதியான ஒரு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டாலும், இழப்பீட்டுக்கு முதன்மை உரிமையாளரே பொறுப்பு. பின்னர் அத்தொகையை ஒப்பந்தக்காரரிடம் அவர் மீட்டுக்கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவ்விதியை விட்டுவிடவில்லை. நம் பங்குகளில் தோல் ஆலைகளை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இச்செய்தியை எடுத்துச் சொல்ல வழக்கறிஞரே வேண்டும் என்பதில்லை.