மொன்றியலின் மலர்ச்சாலைகள்

மொன்றியல் மாநகரின் நடுவே எழுந்து நிற்கும் மவுண்ட் றோயல் மலையின் சரிவிலே, 1852-ஆம் ஆண்டு புரட்டஸ்தாந்து மதத்தாரும், 1854-இல் கத்தோலிக்கரும், அருகருகே ஆயினும் வேலிக்கு இருபுறமாகத் தத்தம் சேமக்காலைகளை அமைத்துக்கொண்டனர். அந்த வேலி எவ்வளவு வலியது என்பதை ஜோசப் கிபோர் என்ற அச்சுத் தொழிலாளியின் கதை காட்டும். திருச்சபையின் கண்டனத்துக்கு உள்ளான ஒரு வாசகசாலைச் சங்கத்தில் அங்கத்தவராயிருந்தார் என்ற காரணத்தால், 1869-இல் இறந்த அவருக்குக் கத்தோலிக்கச் சேமக்காலையில் இடம் மறுக்கப்பட்டது. மனைவி தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1874-இல் சாதகமாக முடிந்தும், மறுவருஷம் நவம்பரிலேதான், ராணுவக் காவலோடு, பெட்டியைச் சீமெந்தால் மூடி அவரை அடக்கம் செய்ய முடிந்தது. அதுவரை அந்தப் பிரேதத்துக்கு இடம் தந்தது புரட்டஸ்தாந்தியரின் நிலவறை. பனியில் மண் இறுகிக் குழி தோண்டமுடியாத மாதங்களில், வசந்தம் வரும்வரை பிரேதங்களைக் காத்துவைப்பதற்கென்று கட்டப்பட்ட அறை அது.

1902-ஆம் ஆண்டில் இரண்டு காரியங்கள் தொடங்கின. புகையிலை வர்த்தகர் வில்லியம் மக்டொனால்டின் திரவிய உதவியால் எழுந்த, கனடாவின் முதலாவது தகனசாலையில், ஏப்ரல் 18-ஆம் திகதி செனட்டர் அலெக்சாண்டர் ஓகில்வியின் உடல் தகனஞ் செய்யப்பட்டது. அதே ஆண்டில் உர்ஜெல் பூர்ஜி என்பவர் பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்களுக்காகத் தம் மலர்ச்சாலையை, அதாவது மரணச் சடங்கு நிலையத்தை, ஸ்தாபித்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று நெருங்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. ஏனெனில் 1886-இல் தகனத்தை விலக்கிய உரோமாபுரி, 1963-இலேதான் அதற்கு இசைந்தது.

பெட்டி செய்த தச்சரிடமும் குதிரைவண்டி வாடகைக்கு விட்டவரிடமும் இருந்து பிறந்தது மலர்ச்சாலைத் தொழில். அகால வேளையில் அழைப்பு வந்தாலும் எழுந்து போகவேண்டிய வேலையாதலால், கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லாரும் அதன் நியமத்துக்கு உட்பட்டே வாழ்ந்தனர். தந்தைக்குப் பின் மகன் என்று அது தொடர்ந்ததிலும் வியப்பில்லை.

எண்பதுகளில் ஈழத்திலிருந்து நம்மவர் இந்நகருக்குப் பெருகி வந்தனர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரிலும் பலர் மொன்றியலுக்கும் டொரொன்டோவுக்கும் வந்து சேர்ந்தவர்களே. ஊரிலே செத்தவீடு என்றால் முற்றத்திற் பந்தல் எழும், வெள்ளை கட்டப்படும், பறை முழங்கும், பாடை புறப்படும். இங்கோ, அந்நியர் ஒருவருடைய மண்டபத்தில், அவர் குறித்துத் தந்த மணிநேரத்துக்குள், திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணமிடித்து, வாய்க்கரிசி இட்டு, மூத்த மகன் கொள்ளிக்குப் பதிலாகப் பொறியின் பொத்தானை அழுத்தவேண்டியதாயிற்று. சுடலைக்குப் போகாத நம் பெண்கள் தகனசாலை வாசல்வரை வந்தனர். இம்மாறுதலை நான் நன்மையென்றே கருதுகிறேன். அரிசியையும் தேங்காயையும் உரலையும் கண்டு முகஞ்சுளிக்காமல், குருக்கள் கேட்டதற்கு இடங்கொடுத்து, பாஷை தெரியாத துக்கத்துக்கு முன் தலைகுனிந்து நிற்கும் மலர்ச்சாலைக்காரரின் சேவையைக் கூலிக்குச் செய்த ஊழியம் என்று மட்டும் சொல்லிவிட என் மனம் ஒப்பவில்லை.

அத்தொழிலுக்கு இந்நகரம் அளித்த கௌரவத்தையும் சொல்லவேண்டும். பூர்ஜி குடும்பத்தின் வழிவந்த பியேர் பூர்ஜி, இசைக்கென ஓர் அறநிலையத்தைத் தோற்றுவித்தார். நகரின் நுண்கலை அரும்பொருட்சாலையை அடுத்திருந்த பழைய தேவாலயம், டிஃபனியின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களோடு, 2011-இல் பூர்ஜி மண்டபம் என்ற பெயரில் கச்சேரி மண்டபமாயிற்று. பிரேதச் சடங்கினால் வந்த பெயர் அது என்பதற்காகச் சங்கீத ரசிகர் எவரும் அதனுள் நுழையத் தயங்குவதில்லை. நம் ஊரிலும் இதே பணியைச் செய்தவர்கள் இருந்தார்கள்: பறையறைந்தவர், வெள்ளை கட்டிய கட்டாடியார், சுடலையில் விறகடுக்கியவர். இறந்தவனுக்கு அவர்கள் செய்த கடைசி உபகாரத்தைக் குடிமை என்று பெயரிட்டு வாங்கிக்கொண்ட நாம், அவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். மொன்றியலில் மலர்ச்சாலைக்காரரின் கையைப் பற்றி நன்றி சொல்லும் நம்மவருள் அதை நினைத்துப் பார்ப்பவர் இன்னும் சிலரே.