தஞ்சைக்கு வந்த பவளமும் தெற்கே எரிந்த பவளமும்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் முதலில் வியப்பது அவற்றின் கணக்கு நேர்த்தியைத்தான். இராஜராஜன் அளித்த பொன் 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டது. மணிகள் பதித்த அணிகலன்கள் 'தட்சிணமேருவிடங்கன்' என்னும் கல்லால் நிறுக்கப்பட்டன. முத்து, மாணிக்கம், வைரம் ஆகியவற்றோடு பவளமும் 'பவழம்' என்ற பெயரில் அங்கே கணக்கில் ஏறியிருக்கிறது.

இந்தப் பவளம் எந்தக் கடலில் விளைந்தது? முத்து பாண்டியர் கடலில் கிடைத்ததால் பவளமும் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அணிக்குரிய செம்பவளம் நம் கடலில் விளைவதில்லை. நெடுங்காலமாக அதன் முதன்மையான விளைநிலம் மத்தியதரைக் கடலே. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளூஸ்', முசிறியில் வந்திறங்கிய பண்டங்களுள் பவளத்தையும் குறிப்பிடுகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, உரோமர் இந்திய முத்தை மதிப்பதுபோல இந்தியர் பவளத்தை மதிக்கின்றனர் என்கிறார். அத்தோடு அவர் நிற்கவில்லை. முன்பு கால் நாட்டார் வாளிலும் கேடயத்திலும் பதித்துவந்த பவளம், இந்தியாவுக்கு ஏற்றுமதியானதால் விளைந்த நாட்டிலேயே அரிதாகிவிட்டது என்றும் எழுதுகிறார். செம்பவளத்தின் தண்டு ஓராண்டில் ஒரு மில்லிமீட்டர்கூடப் பருப்பதில்லை. எங்கோ இருந்த கடலொன்று நம் நாட்டு ஆசையால் வறண்டது குறித்து நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியங்களில் இதுவும் ஒன்று எனலாம். இந்த வணிகம் பின்னும் நின்றுவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் லிவோர்னோ நகரத்துப் பவளம் லண்டன் வழியாகச் சென்னைக்கு வந்தது. ஈடாக வைரம் கப்பலேறியது.

சரி, நம் கடலில் பவளமே இல்லையா? சோழநாட்டுக் கரையை ஒட்டிப் பவளப்பாறைகள் இல்லை. பாறை கட்டும் பவள உயிரி தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளை நம்பி வாழ்வது. பாசிகளுக்கு வெயில் வேண்டும், வெயில் இறங்கத் தெளிந்த நீர் வேண்டும். தஞ்சை வயல்களை வளர்த்த காவிரி வண்டல் கடலில் கலந்தபோது பவளத்துக்கு ஆகாததாயிற்று. கோடியக்கரையைக் கடந்து பாக் நீரிணை வழியே தெற்கே போனால், மண்டபம், இராமேசுவரம் பக்கம் பாறைகளைக் காணலாம். அங்கிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி அவை பரந்திருக்கின்றன. மீனவர் வழக்கில் இவை 'பார்'.

இந்தக் கல்பவளம் நகைக்கு ஆகாது, சுண்ணாம்புக்கு ஆகும். எனவே பாரைக் கடப்பாரையால் பெயர்த்து, வள்ளங்களில் ஏற்றி, காளவாயில் இட்டார்கள். வீடு கட்டும் கல்லாகவும் அது போயிற்று. கோயிலுக்கு வந்த பவளத்தை எண்ணி எழுதிய நாட்டில், இந்தப் பவளத்துக்குப் படகுச்சுமைதான் அளவு. அலையைத் தடுக்கப் பார் இல்லாமற்போகவே பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் கல்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. அதன் பின்னும் வெட்டு உடனே நிற்கவில்லை. 2005 வாக்கில்தான் ஓய்ந்தது. அதற்குள் வேறொரு கேடு வந்து சேர்ந்திருந்தது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் தன் பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும்; சூடு நீடித்தால் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இதுவே நடந்தது. 2016இல் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாகக் குறைந்தது என்பது ஆய்வாளர் கணக்கு. கடலடியில் அளவுநாடா விரித்து அவர்கள் எடுக்கும் இந்தக் கணக்கு, நம் பவளத்துக்கு மிகத் தாமதமாகக் கிடைத்த கல்வெட்டு.

காளவாயைச் சட்டம் அணைத்தது. சூடாகும் கடலை நம் சட்டம் ஒன்றே ஆற்றிவிட முடியாது. ஆனால் சாக்கடை, இழுவைமடி, நங்கூரம் ஆகியவற்றிலிருந்து பாரை விலக்கி வைத்தால், வெளுத்த பவளம் தேறுவதற்கு இடமுண்டு. அது செய்யாவிட்டால் என்ன செலவாகும் என்பதைத் தூத்துக்குடிக்கு எதிரே பார்க்கலாம். அரித்துச் சுருங்கிய வான் தீவைக் காக்க அங்கே கடலில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. கூலியின்றிப் பார் செய்துவந்த வேலையை இப்போது கான்கிரீட் செய்கிறது.