பேர் தெரிந்த பறவைகள்

சென்னைப் பட்டணத்தின் பெயரைச் சுமந்து திரியும் பறவை ஒன்று உண்டு. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவம். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நடைபோடும். நம்மவர்கள் அதை வாலாட்டி என்று சொல்லி வெகுகாலம் ஆயிற்று. 1789-ஆம் ஆண்டில் க்மெலின் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் அதற்கு லத்தீனில் ஒரு பெயர் சூட்டினார். மதராஸ்படென்சிஸ், அதாவது மதராஸைச் சேர்ந்தது.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னதாகவே சென்னைப் பறவைகள் ஐரோப்பியப் புத்தகத்தில் ஏறிவிட்டன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வைத்தியராக இருந்த எட்வர்ட் பல்க்லி இந்தப் பக்கத்துப் பறவைகளின் படங்களை லண்டனில் மருந்து வியாபாரம் செய்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பிவைத்தார். ஜான் ரே என்ற அறிஞர் எழுதி, அவர் காலமான பிறகு 1713-இல் வெளிவந்த பறவை நூலில் அவை இடம்பெற்றன. இந்தியப் பறவைகளைப்பற்றி அச்சேறிய மிகப் பழைய விவரங்களில் அதுவும் ஒன்று.

இந்தச் சரித்திரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கோட்டைக்குள் நாடி பார்த்துக்கொண்டிருந்த வைத்தியர் தாமே ஏரி ஏரியாக அலைந்தாரா? பறவையைப் பிடித்துக் கொண்டுவந்து, "துரை, இது இன்னது" என்று சொன்னவன் ஒருவன் இருந்திருப்பான் என்றே தோன்றுகிறது.

பின்னால் வந்த இன்னொரு வைத்தியர் அப்படிச் சொன்னவர்களை மறக்கவில்லை. டி. ஸி. ஜெர்டன் 1836-இல் சென்னை ராஜதானிக்கு உத்தியோகத்துக்கு வந்தவர். சிப்பாய்களுக்கு மருந்து கொடுத்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் பறவைகளுக்குத்தான். 1862 முதல் 1864 வரை அவர் வெளியிட்ட 'இந்தியப் பறவைகள்' என்ற நூலில் சுமார் ஆயிரம் இனங்களை வருணித்திருக்கிறார். லத்தீன் பெயருக்குக் கீழே, கிடைத்த இடத்திலெல்லாம் ஹிந்துஸ்தானி, தெலுங்கு, தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தார். வேடர்களிடமும் குடியானவர்களிடமும் வாய்மொழியாக இருந்த கல்விக்கு அது ஒரு சாசனம் என்றே சொல்லலாம்.

கல்வி என்று சொல்வது மிகையல்ல. நம் பெயர்களைச் சற்று யோசித்துப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை என்றால் அதன் ஆகாரம் தெரிந்துவிடுகிறது. அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் என்றால் அலகு தெரிகிறது. உடம்பை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதைப் பார்த்தவன்தான் பாம்புத்தாரா என்று சொல்லியிருக்க முடியும். ஆள் வந்தால் கூவி ஊரைக் கூட்டுகிறது ஆட்காட்டி. இருட்டில் தலைக்குமேல் 'வக்' என்று ஒற்றைக் குரல் கேட்டால், வானத்தைப் பார்க்காமலே வக்கா என்று சொல்லிவிடலாம். தூரதர்சினிக் கண்ணாடி இல்லாதவன், ஒரு பறவையை அடையாளம் காண என்ன வேண்டுமோ அதை ஒரே சொல்லில் முடிந்துவைத்திருக்கிறான்.

இந்த முறையில் குறையும் உண்டு. ஒரு ஜில்லாவில் செம்போத்து என்பதை இன்னொரு ஜில்லாவில் செம்பகம் என்பார்கள். சாப்பாட்டுக்கும் சகுனத்துக்கும் உதவாத சின்னப் பறவை எல்லாமே குருவிதான். ஆகவே லத்தீன் பெயர் அவசியம். ஆனால் லத்தீன் பெயர் மட்டும் தெரிந்தால் போதுமா? அதற்கு ஜெர்டன் கண்ட பறவை ஒன்றே பதில் சொல்லும்.

தெலுங்கு நாட்டுப் புதர்க்காடுகளில் அவர் கண்டறிந்து, அவர் பெயராலேயே வழங்கும் பறவை அது. நெஞ்சில் இரண்டு பட்டை. பறப்பதைவிட ஓடுவதில் விருப்பம். 1900-க்குப் பிறகு அது யார் கண்ணிலும் பட்டதாகத் தகவல் இல்லை. தேடியவர்களுக்கும் அகப்படவில்லை. அற்றுப்போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிட்டார்கள். 1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் ஆராய்ச்சியாளர் பரத் பூஷண் கடப்பா ஜில்லாவில் அதைக் கண்டுபிடித்தார் என்பது சரித்திரம். ராத்திரியில் விளக்கொளியில் அதைப் பிடித்துக் கொடுத்தவர், பறவை பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்த ஐதன்னா என்ற உள்ளூர்க்காரர் என்பதும் அதே சரித்திரம்தான்.

அந்தப் பக்கத்தில் அதற்குக் கலிவிக்கோடி என்று பெயர். தெலுங்கில் கலிவி என்றால் களாச்செடி. கோடி என்றால் கோழி. களாப்புதர்க் கோழி! விலாசமே பெயரில் இருக்கிறது. சாஸ்திரம் எண்பத்தாறு வருஷம் தொலைத்துவிட்டிருந்த பறவை, அந்த மனிதருக்குத் தொலையவே இல்லை.

அது இன்றும் அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. ஏரியில் வக்கா இருக்கும். அதை வக்கா என்று சொல்ல ஊரில் ஆள் இருக்க மாட்டான். பேர் தெரியாத பறவை ஒரு வருஷம் வராமற்போனால், வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? "ஏதோ பறவை" என்று சொல்லும் ஊரில் எந்தப் பறவையும் சத்தமில்லாமல் மறைந்துபோகலாம்.

பறவை பார்க்கப் புறப்படுகிறவர்கள் நல்ல புத்தகம் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும், கண்ணாடியும் வாங்கிக்கொள்ளட்டும். ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர் யாராவது இருந்தால், "ஐயா, இதற்கு உங்கள் ஊரில் என்ன பேர்?" என்றும் ஒரு வார்த்தை கேட்கட்டும். அவர் சொல்வதைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளட்டும். ஜெர்டன் செய்ததும் அதுதான்.