டிராக்டர் முன் அச்சு அகலக் குறைப்பு

டிராக்டரின் முன் அச்சு முனைகள் இரண்டையும் உள்ளே தள்ளி, முன் சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தைச் சுருக்குவது முன் அச்சு அகலக் குறைப்பு. ஒரு டயரின் நடுக்கோட்டிலிருந்து மற்ற டயரின் நடுக்கோடு வரை அளக்கப்படும் இந்தத் தூரத்தைச் சக்கர இடைவெளி என்பர். புதிய வண்டி வாங்குபவர் இதைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. இருபது, முப்பது ஆண்டு ஓடிய பழைய 35 குதிரைத்திறன் வண்டியை வைத்துக்கொண்டு, மணிக் கணக்கில் வாடகை உழவுக்குப் போகிறவருக்கு இது அன்றாட விவகாரம்.

கடலூர் மாவட்டத்தில் அது ஏன் அப்படி என்பது தேவனாம்பட்டினத்திலிருந்து கிளம்பினால் விளங்கும். வெள்ளிக் கடற்கரையும் புனித டேவிட் கோட்டையின் இடிபாடும் இருக்கும் அந்த மீனவ ஊரில் தரை முழுவதும் மணல். கரையோர மணற்பாங்கான நிலத்தில் சவுக்குத் தோப்புகள். சற்று மேற்கே நெல்லிக்குப்பம் பக்கம் போனால் கரும்பு. அங்கே சர்க்கரை ஆலை 1840களிலேயே வந்துவிட்டது. இன்னும் மேற்கே பண்ருட்டியின் முந்திரியும் பலாவும். தெற்கே சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் என்று இறங்கினால் வீராணம் ஏரியும் கொள்ளிடமும் நனைக்கும் நெல் வயல். ஒரே மாவட்டத்துக்குள் நான்கு விதத் தரை, நான்கு விதப் பயிர் இடைவெளி. வண்டியோ ஒன்று.

எதற்காகக் குறைக்கிறார்கள்

முதல் காரணம் ரொட்டவேட்டர், அதாவது வண்டியின் பின்னால் மாட்டிச் சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி. 35 குதிரைத்திறன் வண்டிகளில் வழக்கமான பின் டயர் 12.4×28, அதாவது டயரின் அகலம் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். பின் சக்கர இடைவெளியை ஆகக் குறைவான 48 அங்குலத்தில், அதாவது 122 சென்டிமீட்டரில் வைத்தால், டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை 153 சென்டிமீட்டர் வரும். ஐந்தடி ரொட்டவேட்டரின் அகலம் 152 சென்டிமீட்டர். டயர் அழுத்திய தடத்தை ரொட்டவேட்டர் கிளறி மூட வேண்டுமென்றால் பின் சக்கரம் இதைவிட வெளியே போகக் கூடாது. ஒன்பது கொழுக் கலப்பையில் இந்த நெருக்கடி இல்லை. அது தடத்தைத் தாண்டியும் கீறிவிடும். ரொட்டவேட்டர் வந்த பிறகுதான் பல வண்டிகளின் பின் சக்கரம் 48இல் நிரந்தரமாகக் குடியேறியது.

பின்னது உள்ளே வந்தால் முன்னதும் வர வேண்டும். முன் சக்கரம் அழுத்திய தடத்திலேயே பின் சக்கரம் உருண்டால் வண்டிக்கு உருளும் தடை குறையும். வயலிலும் நான்கு தடத்துக்குப் பதில் இரண்டே தடம் இறுகும். மணலில் இந்த வேறுபாட்டை ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலேயே உணர்வார். முன் சக்கரம் தனித் தடம் போட்டால், பின் சக்கரம் இறுகாத மணலைப் புதிதாக மிதித்து ஏற வேண்டியிருக்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் படகைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுக்கும் டிராக்டர் புதைந்து நிற்பதற்கு டயர்க் காற்றும் ஓட்டும் பதமும்தான் பெரிய காரணங்கள். தடம் பிசகுவதும் அவற்றோடு சேரும்.

இரண்டாவது காரணம் கரும்பு. இங்கே கணக்கு சற்று விசித்திரமானது. பழைய முறையில் பார்களுக்கு இடையே மூன்றடி, அதாவது 90 சென்டிமீட்டர் விடுவார்கள். அதில் இரண்டு பாரை வயிற்றுக்கடியில் விட்டு வண்டி போக வேண்டுமானால் சக்கர இடைவெளி 180 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில், அதாவது 72 அங்குலத்தில் இருக்க வேண்டும். குறைப்பதல்ல, கூட்டுவதுதான் அங்கே வேலை. நீடித்த நவீன கரும்பு சாகுபடி என்ற பெயரில் வேளாண்மைத் துறை பரப்பிய முறையில் இடைவெளி ஐந்தடி. ஐந்தடி என்பது 60 அங்குலம். பழைய வண்டிகளின் அச்சுத் துளைகளில் 60க்கு ஓர் இடம் உண்டு. ஒரு பாரை நடுவில் விட்டு, இரண்டு சக்கரமும் இரண்டு பள்ளத்தின் நடுவில் போகும்படி அச்சொட்டாக அமையும். மூன்றடிக் கரும்புக்கு 72இல் நின்ற வண்டி ஐந்தடிக் கரும்புக்கு 60க்கு இறங்கியாக வேண்டும். ரொட்டவேட்டர் மாட்டினால் 48.

இதெல்லாம் கரும்பு முழங்கால் உயரம் வரைதான். பெரிய மண் அணைப்பு நாளில் பயிர் வண்டியின் அடிவயிற்றைத் தாண்டி நிற்கும். அப்போது பாரின் மேல் போக முடியாது, இரு பாருக்கும் நடுவில்தான் நுழைய வேண்டும். ஐந்தடி சந்தில் பக்கத்துக்கு அரை அடி விட்டால் கிடைப்பது 120 சென்டிமீட்டர். 35 குதிரைத்திறன் வண்டியை எவ்வளவு சுருக்கினாலும் 153க்குக் கீழே வராது. எத்தனை துளை உள்ளே தள்ளினாலும் தீராத இடம் இது.

ஃபெர்குசன் தந்த அச்சு

முன் அச்சைச் சுருக்குவது தமிழ்நாட்டில் பல பட்டறைகளில் அரை நாள் வேலையாக முடிவதற்கு ஹாரி ஃபெர்குசனுக்கு நன்றி சொல்ல வேண்டும். அயர்லாந்தில் பிறந்த இந்தப் பொறியாளர் ஹென்றி ஃபோர்டுடன் 1938இல் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார். மறுஆண்டு வெளிவந்த ஃபோர்டு 9என் வண்டியில் சக்கர இடைவெளியை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம் வரை நான்கு நான்கு அங்குலமாக மாற்றலாம். 1946இல் இங்கிலாந்தின் கவன்ட்ரியில் உற்பத்தியான டிஇ20யும், அடுத்து வந்த ஃபெர்குசன் 35உம் அதே வழியைத் தொடர்ந்தன. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் வண்டிகளை இங்கே செய்யத் தொடங்கியதும் அந்த அச்சும் கூடவே வந்தது.

அதில் இருக்கும் நுட்பம் சிறியது, ஆனால் அழகானது. சாதாரண அச்சு நேர்க்கோடாக இருக்கும். முனையை உள்ளே தள்ளினால் சக்கரத்துக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையிலுள்ள தண்டு நீளமாகிப்போகும். அதையும் சுருக்கியாக வேண்டும். ஃபெர்குசன் அச்சின் இரு முனைகளும் பறவைச் சிறகுபோலப் பின்னோக்கிச் சாய்ந்தவை. ஸ்டியரிங் பெட்டியின் இருபுறமும் ஒவ்வொரு தண்டு முன்னோக்கிப் போய் அந்தந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது. முனை வெளியே போகும்போது பின்னாலும் போகிறது. உள்ளே வரும்போது முன்னாலும் வருகிறது. ஆகவே தண்டின் பின் முனையைக் குத்தூசியாக வைத்து வட்டம் போட்டால், சக்கரம் ஏறத்தாழ அந்த வட்டத்தின் மீதே நகர்கிறது. தண்டின் நீளத்தைத் தொட வேண்டியதில்லை. மூன்று துண்டு அச்சில் துளைகள் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும். பக்கத்துக்கு ஒரு துளை தள்ளினால் மொத்தம் நான்கு அங்குலம் மாறும்.

நேர் அச்சும் இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை டை ராடும் கொண்ட வண்டிகளில் அகலம் மாறும்போதெல்லாம் டை ராடின் நீளமும் மாற வேண்டும். அதிலும் அளவுக்குத் தக்க துளைகளோ மரையோ இருக்கும். நான்கு சக்கர இழுவை வண்டியின் முன் அச்சு நீண்டு சுருங்காது; அங்கே ரிம்மைத் திருப்பிப் போடுவதுதான் வழி.

வேலை நடக்கும் விதம்

சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்கி இருபுறமும் ஆடுகிற அமைப்பு. ஜாக்கி ஏற்றும்போது வண்டி ஒரு பக்கம் சரியாமல் இருக்க, அச்சுக்கும் மேல் சட்டத்துக்கும் இடையில் இருபக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டுத்தான் தூக்குவார்கள். அனுபவமில்லாதவர் தவறவிடுவது இந்த ஆப்பைத்தான். தூக்கிய பிறகு ஜாக்கியை நம்பாமல் அடியில் கட்டை கொடுப்பார்கள்.

பழைய வண்டியில் பாதி நேரம் துருவோடு போகும். பல ஆண்டு ஒரே துளையில் இருந்த போல்ட் அவ்வளவு எளிதில் அசையாது. கடற்கரை ஊர் வண்டியானால் சொல்லவே வேண்டாம். முந்தின நாளே டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றி ஊற வைப்பது வழக்கம். போல்ட் கழன்றதும் முனைத் துண்டு உள்ளே சறுக்கும். இரண்டு பக்கமும் அதே எண்ணிக்கைத் துளை தள்ளியிருக்க வேண்டும்; ஒரு பக்கம் ஒரு துளை தவறினால் வண்டி நேரே ஓடாது, ஓட்டுநர் நாள் முழுக்க ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே போவார்.

பிறகு டோ-இன். முன் சக்கரங்கள் முன்புறத்தில் சில மில்லிமீட்டர் நெருங்கி இருக்க வேண்டும். சக்கர மையத்தின் உயரத்தில் டயரில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டு, முன்னால் ஒரு தடவை டேப்பில் அளந்து, வண்டியை அரைச் சுற்று உருட்டி அதே குறியைப் பின்னால் அளந்தால் வேறுபாடு தெரிந்துவிடும். ஃபெர்குசன் அச்சிலும் இதைச் சரிபார்ப்பது நல்லது. தண்டைத் தொட வேண்டாம் என்பது வரைபடத்தின் உண்மை, கிங் பின்னும் பால் ஜாயின்டும் தேய்ந்த வண்டியின் உண்மை வேறு. கடைசியாக ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே வந்த டயர் சட்டத்தில் உரசினால் நிறுத்து போல்ட்டைச் சரி செய்வார்கள். திரும்பும் வட்டம் சற்றுப் பெரிதாகும். சில மணி நேரம் உழுத பிறகு போல்ட்களை மறுபடி முறுக்க வேண்டும்.

பின் சக்கரத்தில் துளை கிடையாது. நடுத்தட்டையும் ரிம்மையும் முன்பின்னாகத் திருப்பி மாட்டுவதில் 48, 52 என்று 76 வரை எட்டு அளவுகள் கிடைக்கும். அப்படி மாட்டும்போது இடது சக்கரமும் வலது சக்கரமும் இடம் மாற வேண்டி வரலாம். டயரின் பட்டைகள் பின்னாலிருந்து பார்த்தால் தலைகீழ் வி வடிவில் இருந்தால்தான் மண்ணைப் பிடித்துத் தள்ளும். பட்டைகள் எதிர்த் திசையில் இருக்க மாட்டிய வண்டி சேற்றில் சுழன்றுகொண்டே நிற்கும்.

கவிழும் அபாயம்

அகலம் குறைந்தால் வண்டி கவிழும் என்பது பாதி சரி. 75 சென்டிமீட்டர் உயரத்தில் எடை மையம் உள்ள வண்டி என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், பின் இடைவெளி 193 சென்டிமீட்டரில் அது தாங்கும் பக்கச் சரிவு ஏறத்தாழ 52 பாகை. 122இல் 39 பாகை. காகிதக் கணக்கு இது. ஓடும் வண்டி, வளைவில் திரும்பும் வண்டி இதைவிட வெகு முன்பே சாயும். முன் அச்சோ நடு முளையில் ஆடுவதால் அது முட்டுப்பட்டு நிற்கும் வரை வண்டியைத் தாங்குவது பின் டயர் இரண்டும் முன் முளையும் சேர்ந்த முக்கோணம். எனவே முன்னதை மட்டும் சுருக்குவதில் வரும் ஆபத்து சொற்பம். பின்னதைச் சுருக்கியதுதான் கணக்கில் வரும். ஏரிக்கரை, வாய்க்கால் கரை ஓரமாக டிரெய்லர் இழுக்கும் வண்டியைக் கரும்புப் பருவம் முடிந்ததும் மறுபடி அகலப்படுத்துகிறவர்கள் கெட்டிக்காரர்கள்.

பனி மலைகளில் ஓடும் ஸ்னோமொபைலில் இதே வேலை நேர் எதிரான நோக்கத்தோடு நடக்கிறது. தடத்தில் ஓடும் வண்டிகளில் முன் பனிச்சறுக்குச் சட்டங்களின் இடைவெளி 42 அங்குலத்துக்கு அருகில் இருக்கும். மலை வண்டிகளில் அதை 36 வரை சுருக்கிவிட்டார்கள். செங்குத்துச் சரிவில் குறுக்காகப் போக வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தே ஓட்ட வேண்டும். அகன்ற முன்பகுதி சாய விடாது. அதனால் பழைய மலை வண்டி வைத்திருப்பவர்கள் முன் கைகளையும் டை ராடையும் குட்டையானவையாக மாற்றுகிறார்கள். சாய்வதை அங்கே தேடிப் போகிறார்கள்; இங்கே அதற்குத்தான் பயம்.

வெட்டி ஒட்டுதல்

துளை முடிந்த பிறகும் இன்னும் உள்ளே வேண்டும் என்று அச்சை வெட்டி வெல்டிங் வைக்கும் வழக்கம் உண்டு. முன் சுமையும் குழியும் ஓயாமல் உலுக்கும் பாகம் அது; வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் கடினமாகி, ஒட்டின் ஓரத்தில்தான் விரிசல் தொடங்கும். இரு சக்கர இழுவை வண்டியில் முன் ரிம்மைத் திருப்பிப் போடுவதும் நல்லதல்ல; சுமை பேரிங்குகளின் நடுவை விட்டு விலகும். சட்டமும் இதில் நுழைகிறது. உற்பத்தியாளர் தந்த துளைகளுக்குள் மாற்றுவது வண்டியின் இயல்பான பயன்பாடு. அச்சையே மாற்றுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கும் மாற்றங்களின் பக்கம் போய்விடும்.

ஐந்தடிக் கரும்புக்குள்ளும் சவுக்கு வரிசைக்குள்ளும் இன்று நுழைவது வேறு வண்டி. 1967இல் தொடங்கிய பெங்களூரு வி.எஸ்.டி. நிறுவனத்தின் பவர் டில்லர்களும் சக்தி சிறு டிராக்டர்களும், மஹிந்திராவின் 15 குதிரைத்திறன் யுவராஜும் அந்தச் சந்துக்கென்றே அளவெடுத்தவை. பழைய 35 வண்டி உழவுக்கும் ரொட்டவேட்டருக்கும் டிரெய்லருக்கும் என்று நின்றுவிட்டது. அதன் முன் அச்சும் பெரும்பாலும் 48லேயே.