வேடமும் முகமும்: கமெரன் அம்மையாரின் நிழற்படங்கள்

பொகவந்தலாவைத் தூய மரியாள் கோவில் கல்லறைத் தோட்டத்திலே யூலியா மாகிரற் கமெரன் அம்மையாரின் கல்லறை உளது. 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்த இவர், 48ஆம் வயதிலேயே நிழற்படக் கருவியைக் கையிலெடுத்தார். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்தகாலை, அயலவரான கவிஞர் தெனிசன் வேண்டியவாறு, ஆதர் மன்னன் காவியத்துக்குப் படமெடுக்க முற்பட்டார். 1874இல், தமக்குத் தெரிந்தவர்களையே பிடித்து, கவசமும் வாளும் அணிவித்து, வீரராக நிறுத்தினார். ஈரத்தகட்டு முறையில் நெடுநேரம் அசையாது நிற்றல் வேண்டும். கவசம் பூண்டவர் பட்ட பாட்டைச் சொல்லவேண்டுவதில்லை!

1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தபின் களுத்துறையில் எடுத்த படங்களோ வேறு வகையின. தோட்டத் தொழிலாளரும் வேலையாட்களும் அவற்றில் தத்தம் உடையிலேயே நிற்கின்றனர். எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. இங்கிலாந்தில் வேடம் புனைந்தோர் பலருடைய பெயர்களை இன்றும் அறிவோம். இவர்களுட் பெரும்பாலார் ‘களுத்துறைக் குடியானவர்’ என்பதுபோன்ற தலைப்புக்குள் மறைந்தனர்.

1879 சனவரி 26இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேண் தோட்டத்தில் அம்மையார் காலமானார். மலைநாட்டுத் தோட்ட மக்களும் வேடம் அறியாதவரல்லர். காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய ஆட்டங்களிலே அரிதாரம் பூசி, முடிதரித்து, வீரராய் ஆடுபவர் லயத்துத் தொழிலாளரே. கமெரன் அம்மையாரின் எஞ்சிய படங்களுள் அத்தகைய கூத்தர் ஒருவர்தாமும் இல்லை.