கிள்ளான் சதுப்பின் நீர்மட்டம்

மலேசியாவின் கிள்ளான் நகரமும் அதன் துறைமுகமும் அமைந்திருப்பது கடல் ஏற்றத்துக்கும் மழை வெள்ளத்துக்கும் நடுவே கிடக்கும் தாழ்நிலத்தில். கடலோரத்தில் அலையாத்திக் காடு. அதற்கு உட்புறம் மழைநீர் வடிய வழியின்றித் தேங்கி, இலையும் மரமும் முழுதாக மக்காமல் படிந்து உருவான கரிய மண். இங்கே நீர் ஓரடி ஏறினாலும் இறங்கினாலும் எந்த உயிர் பெருகும், எது அழியும் என்பது மாறிவிடும்.

1901 செப்டம்பரில் அலையாத்திக் காட்டை வெட்டிய இடத்தில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். சில மாதங்களுக்குள் மலேரியா என்னும் குளிர்காய்ச்சல் வேலையாட்களைச் சாய்த்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலுக்குள் வளர்வதை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் 1897-ல் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1901-ல் கிள்ளானுக்கு வந்த மாவட்ட மருத்துவர் மால்கம் வாட்சன், மருந்தோடு நில்லாமல் நீரையே வடித்துவிட வேண்டும் என்று வாதாடினார். கடல்நீர் புகாதபடி மண்கரை எழுப்பினார்கள், வாய்க்கால் வெட்டினார்கள், பள்ளங்களைத் தூர்த்தார்கள், சுற்றியிருந்த காட்டைத் திருத்தினார்கள். அடுத்த ஆண்டே காய்ச்சல் பெருமளவு குறைந்தது.

ஆனால் அந்த வெற்றியை அப்படியே எல்லா இடத்துக்கும் கொண்டுபோக முடியவில்லை. தாழ்நிலத்துச் சதுப்பில் நோயைப் பரப்பிய அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்னும் கொசு, காட்டு நிழலில் தேங்கும் நீரில் பெருகுவது. மரத்தை வெட்டி நீரை வடித்தால் அதற்கு இடமில்லை. கித்தா (ரப்பர்) தோட்டத்துக்காகக் குன்றுகளில் காட்டை அழித்தபோது நேர்மாறாக நடந்தது. அங்கே வெயில் படும் தெளிந்த ஊற்றோடைகளில் அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் பெருகியது; வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. கரையோரத்திலும் வேறொரு வகை காத்திருந்தது: அலையாத்தி மரங்களை வெட்டிவிட்டுக் கரையை அரைகுறையாகக் கட்டினால், வெயில் விழும் உவர்நீர்க் குட்டைகளில் அனோபிலிஸ் சுண்டைக்கஸ் குடியேறும்.

இந்த வேறுபாட்டுக்குப் பெரும் விலை கொடுத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்த தோட்டத் தொழிலாளர்கள். ஓடையருகே இருந்த லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில், பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணித்தான் வாட்சன் ஒவ்வொரு தோட்டத்தின் நிலைமையையும் கணித்தார். சீஃபீல்டு போன்ற குன்றுத் தோட்டங்களில் பள்ளத்தாக்கு ஊற்றுநீரை மண்ணுக்கடியில் குழாய் பதித்து ஓடவிட்ட பிறகே நோய் தணிந்தது. துறைமுகத்துக்குக் கிடைத்த அவசர கவனிப்பு லயங்களுக்குக் கிடைக்கவில்லை. கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் மலேரியா ஆலோசனை வாரியம் அமைந்தது 1911-ல்தான். அதற்குள் கித்தாப் பெருக்கம் பல ஆண்டுகளைக் கடந்திருந்தது.

நீரை வடித்ததற்கு இன்னொரு விளைவும் உண்டு. அது மெதுவாக வந்தது. கரிய மண்ணில் பெரும்பகுதி நீர். மீதி மக்காத தாவரம். நீர் இறங்கினால் காற்று உள்ளே புகுந்து மண் மக்கத் தொடங்குகிறது, நிலமும் தாழ்கிறது. நிலம் தாழத் தாழ நீர் வடிவது கடினமாகி, வாய்க்காலை இன்னும் ஆழமாக வெட்ட வேண்டியிருக்கிறது. வறட்சியில் அந்த மண்ணே எரிபொருளாகிவிடும். மேலே அணைத்தாலும் தீ அடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். கிள்ளானை அடுத்த ஜோஹான் செத்தியாவின் விளைநிலங்களில் மூளும் தீ, வறண்ட மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் மேல் புகைமூட்டமாக வந்து நிற்கிறது.

இதைத் தடுக்க அங்கே இப்போது வாய்க்கால்களுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டி, குழாய்க் கிணற்று நீரைப் பாய்ச்சுகிறார்கள். வடசிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்திலும் 2008-க்குப் பின் வாய்க்கால்களை அடைத்து, நீர்மட்டத்தை மண்ணின் மேற்பரப்பை ஒட்டி நிறுத்தி, எரிந்த இடங்களில் மரக்கன்றுகள் நட்டு வருகிறார்கள்.